பதாகையில் ஒட்டிய வெள்ளைத் தாள்

மயிலம் மலைமேல் மயிலோடு நின்று மனக்குறை தீர்க்கும் முருகப் பெருமானை முதற்கண் வணங்குகிறேன். எங்கள் தெருமுனைக் கெபியில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் புன்னகை பூத்து நிற்கும் மாதாவையும் வணங்குகிறேன். ஒரே மூச்சில் இருவரையும் ஏன் கும்பிடுகிறாள் இந்தத் தையல்நாயகி என்று பார்க்கிறீர்களா? காரணம் இருக்கிறது, பேச்சின் நடுவில் அது வரும்.

விழாவுக்குத் தலைமை தாங்கும் தெரு நலச் சங்கத் தலைவர், எங்கள் மதிப்பிற்குரிய பெரியதம்பி ஐயா அவர்களே! விழுப்புரத்திலிருந்து கோர்ட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கும் மூத்த வழக்கறிஞர் கோகுலகிருஷ்ணன் ஐயா அவர்களே! முன்வரிசையை முகப்பொலிவால் நிறைத்திருக்கும் பெரியோர்களே! அடுப்பிலிருந்த பாலை இறக்கிவைத்துவிட்டு ஓடோடி வந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! கோலியனூரிலிருந்தும் கண்டமங்கலத்திலிருந்தும் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்திருக்கும் உற்றார் உறவினர்களே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் சாய்ந்து நிற்கும் தம்பிமார்களே! இந்தப் பிள்ளையைப் பெற்ற பெருமையில் பூரித்து உட்கார்ந்திருக்கும் இன்னாசிராஜ் தம்பியே, ரோஸ்லின் தங்கையே! எல்லாருக்கும் மேலாக, இங்கே மேடையில் தலைநிமிராமல் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும் எங்கள் அமல்ராணியே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

நான் மேடை ஏறிப் பழகியவள் அல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வந்தவள். மீதியெல்லாம் கோயில் நூலகம் தந்தது, மளிகைப் பொட்டலம் மடித்த தாள் தந்தது. மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிற கை இது; மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை. என்ன தம்பி, சத்தம் வரவில்லையா? இப்போது? நல்லது.

அன்பானவர்களே! மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் ஒரு நிமிடம் நின்றீர்கள். எதைப் பார்த்து நின்றீர்கள்? என் முதுகுக்குப் பின்னால் தொங்கும் இந்தப் பதாகையைப் பார்த்துத்தான்! படித்துக் காட்டட்டுமா? முதல் வரி: ‘சீமை சென்று சட்டம் படித்து’. மூன்றாம் வரி: ‘வென்று வந்த திண்டிவனத்தின் திருமகளே வருக, வருக’. நடுவில் இரண்டாம் வரி எங்கே? அங்கே ஒரு வெள்ளைத் தாள்! நான்கு மூலையும் பசை போட்டு ஒட்டிய வெள்ளைத் தாள்! வென்று வந்தாள் என்கிறது பதாகை. என்ன வென்றாள்? எதை வென்றாள்? சொல்ல வேண்டிய இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறது!

அங்கே யாரோ ‘பிரிண்டிங் மிஸ்டேக்கா?’ என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. அச்சில் தவறில்லை, அச்சடிக்கச் சொன்னவருடைய அன்பில்தான் கொஞ்சம் அவசரம். பெண்ணின் தாய்மாமன் சவுரிராயன், மூன்றாவது வரிசையில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். பாருங்கள் தம்பி பாருங்கள், மின்விசிறி நன்றாகத்தான் சுற்றுகிறது.

இந்த வெள்ளைத் தாளின் கதையைத்தான் நான் இன்று சொல்ல வந்திருக்கிறேன். நல்லதாக நாலு வார்த்தை வாழ்த்திப் பேசு என்றுதான் சங்கத்தில் சொன்னார்கள். இதைவிட நல்ல வாழ்த்து எனக்குத் தெரியவில்லை.

அமல்ராணியை உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மயிலம் சாலையில் அப்பாவுடைய மல்லாட்டைக் கொல்லை, வெளியூர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்களே, அதுதான். திண்டிவனம் ஸ்டேஷனில் காலை ரயில். விழுப்புரம் சட்டக் கல்லூரியில் ஐந்து வருடப் படிப்பு. அந்த ரயில் பெட்டியே அவளுக்கு இன்னொரு வகுப்பறை! ஒருத்தி படிப்பாள், நாலு பேர் கேட்பார்கள். ஒருத்தி எழுதுவாள், பத்துப் பேர் வாங்கிப் பார்ப்பார்கள். கேட்டவருக்கு நோட்டைக் கொடுக்காத பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளையை யாராவது மதிப்பார்களா? அமல்ராணி எழுதிய ஒப்பந்தச் சட்ட நோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போயிற்று. போனது திரும்பவே இல்லை. அவள் படித்து முடித்துப் போன பிறகும் பிள்ளைகள் அந்தக் கடையில் நின்று, ‘அண்ணா, அமல்ராணி ஒண்ணு குடுங்க’ என்று கேட்டு வாங்குகிறார்களாம். அசலை எழுதியவள் அவள். நகலை விற்றவர் வேறு. ஒரு வார்த்தை வருத்தப்பட்டிருப்பாளா?

இப்படி வளர்ந்த பிள்ளை, சட்டத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, சீமைக்குப் போனாள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம். முதல் நாள் வகுப்பு. பேராசிரியர் உள்ளே வருகிறார். சடாரென்று எழுந்து நின்றது யார்? எங்கள் அமல்ராணி! அவள் மட்டும்! மற்ற அத்தனை பேரும் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். இவளுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. அந்தப் பேராசிரியர் என்ன செய்தார் தெரியுமா? இவளைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி வணக்கம் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினார். அன்றைக்குச் சிரித்தவர்களே பிறகு இவளிடம் பாடத்தில் சந்தேகம் கேட்டு வந்தார்கள். அவர்கள் பேசும் ஆங்கிலம் முதலில் இவள் காதுக்குப் பிடிபடவில்லை. ஆகவே நாளைக்கு நடத்தப்போகும் பாடத்தை இன்றைக்கே படித்து வைத்துக்கொண்டு, அவர்கள் வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். பனி பெய்தது, படித்தாள். பல்லெல்லாம் கிட்டியது, படித்தாள். வகுப்பிலே முதலிடத்துக்கு வந்தாள். ‘இப்படியே போனால் தங்கப் பதக்கம் உனக்குத்தான்’ என்று அந்தப் பேராசிரியர் வாயாலேயே சொன்னார்.

மகள் அதை அம்மாவிடம் சொன்னாள். அம்மா அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் யார்? மின்விசிறி பார்க்கிறவர். அவர் ஊரிலே யாரிடம் சொல்லவில்லை என்றுதான் கேட்க வேண்டும்!

இனிமேல்தான், தாய்மார்களே, கவனமாகக் கேட்க வேண்டிய இடம் வருகிறது.

அங்கே ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். பரீட்சை மாதிரி அதற்கும் மதிப்பெண் உண்டு. மாதிரிச் சரக்கைக் காட்டி மொத்தச் சரக்கையும் விற்றால், இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமா என்பது கேள்வி. வெளிநாட்டுப் பிள்ளைகள் கப்பலில் வரும் கோதுமையைப் பற்றி எழுதினார்கள். நம் பிள்ளை எதைப் பற்றி எழுதினாள்? திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியைப் பற்றி எழுதினாள்! வியாபாரி வருகிறார், மூட்டைக்குள் கையை விடுகிறார், ஒரு பிடி மல்லாட்டை அள்ளுகிறார், இரண்டை உடைத்து வாயில் போடுகிறார், விலை சொல்கிறார். மேலே இருந்த மல்லாட்டைதான் அடியிலும் இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த விலை. இதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதினாள். எவ்வளவு அழகான உதாரணம்! இன்னாசிராஜ் தம்பி, சிரிக்கலாம், உங்கள் மூட்டைதான் இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கிறது.

அவள் அறைக்குப் பக்கத்து அறையில் வேறொரு தேசத்துப் பெண். பெயரைச் சொல்ல வேண்டாம் பெரியம்மா என்று அமல்ராணி என்னைக் கேட்டுக்கொண்டாள். ஆகையால் தோழி என்று மட்டும் சொல்கிறேன். அந்தத் தோழியின் தாய்க்கு ஊரிலே ஆபரேஷன். பெண்ணுக்குப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. கட்டுரை கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. இவள் கதவைத் தட்டி, ‘நீ எழுதியதைக் கொஞ்சம் காட்டுகிறாயா?’ என்று கேட்டாள். விழுப்புரம் ரயிலில் படித்த பிள்ளை என்ன செய்வாள்? கொடுத்தாள். ஒரு யோசனையும் இல்லாமல், பசித்தவருக்குச் சோறு போடுகிற மாதிரி கொடுத்தாள்.

தோழி பார்த்தாள். பதற்றத்தில் பாதியை அப்படியே எழுதிவிட்டாள். அங்கே கட்டுரைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது கணினியாம். ஆனால் இதைக் கண்டுபிடிக்கக் கணினி எதற்கு? திண்டிவனம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு பெண்ணின் கட்டுரையில் திண்டிவனத்து மல்லாட்டை மூட்டை உட்கார்ந்திருக்கிறது!

இருவருக்கும் விசாரணைக் கடிதம் வந்தது. பார்த்து எழுதியவள் மட்டும் குற்றவாளி அல்ல. பார்க்கக் கொடுத்தவளும் குற்றவாளி. அது அந்தப் பல்கலைக்கழகத்து விதி. குற்றம் உறுதியானால் படிப்பு போகும். படிப்பு போனால் விசா போகும். விசா போனால் பெட்டியைக் கட்ட வேண்டும். அதற்கும் மேலே, சட்டம் படிக்கப் போன இடத்தில் மோசடி செய்தவள் என்ற பெயர் நிற்கும். அந்தப் பெயரோடு எந்தக் கோர்ட்டில் ஏறி யாருக்காக வாதாடுவது?

ஒரு மத்தியானம் ரோஸ்லின் ஈரக் கையோடு என் வீட்டுக்குள் ஓடிவந்தாள்.

“அக்கா, அமலு போன்ல அழுதுக்கினு இருக்கா. இன்னான்னே புரியலக்கா. நோட்டு குடுத்ததுக்குப் போலீஸ் மாதிரி கூப்புட்டு விசாரிக்கப் போறாங்களாம்!”

நான் போனேன். தாய்மாமன் ஏற்கெனவே வந்து நின்றார். கையில் பைக் சாவி.

“இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாரு? நம்ம சர்ச்சு சாமியார்கிட்ட நல்ல பொண்ணுன்னு ஒரு லெட்டர் வாங்கி ஜல்தியா அனுப்பிடலாம். வட்டம், மாவட்டம்னு யாரு கையெழுத்து வோணும் சொல்லு, வாங்கியாறேன்!”

“மாமா, இங்க அதெல்லாம் செல்லாது மாமா,” என்றது போனில் இருந்த முகம். அழுத கண்ணிலும் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

பிறகு விஷயத்தைச் சொன்னாள். மாணவர்களுக்கு ஆலோசனை சொல்கிறவர் ஒருவர் இருக்கிறாராம். அவர் விதியை விளக்கியிருக்கிறார். ‘நீ கொடுத்தாயா, உனக்குத் தெரியாமல் அவள் எடுத்துக்கொண்டாளா என்பதுதான் முதல் கேள்வி. அவளாக எடுத்துக்கொண்டிருந்தால் உன்மேல் வழக்கே இல்லை. உன்னை விட்டுவிடுவார்கள், மதிப்பெண்ணும் அப்படியே இருக்கும்.’ அதாவது, ஒரே ஒரு வார்த்தை. கொடுத்தேனா, எடுத்தாளா? கொடுத்தேன் என்றால் பதக்கமும் பட்டமும் ஆபத்தில். எடுத்தாள் என்றால் இவளுக்கு எல்லாம் பத்திரம். தோழி திருடி ஆவாள், தூக்கி எறியப்படுவாள்.

பெற்ற வயிறு என்ன சொல்லும்? ரோஸ்லின், தவறாக நினைக்காதே, நான் உன் இடத்தில் இருந்தால் என் வயிறும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

“அவ எடுத்துக்கினான்னு சொல்லிட்டு வாயேன்டி. அவ யாரோ, நீ யாரோ. ஒனக்கு இன்னாடி வந்துது?”

அந்தப் பிள்ளை சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது.

“எம்மா, நாளைக்கு நான் ஒருத்தர கூண்டுல ஏத்தி, உண்மையச் சொல்லுன்னு கேக்கப் போறவ. இன்னைக்கு நானே கூண்டுல நிக்கிறேன். மொத தபாவே பொய் சொல்லிட்டா, அப்பறம் எந்த மூஞ்ச வெச்சிக்கினு கேப்பேன்? குடுத்தேன்னுதாம்மா சொல்லப் போறேன். முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்லிட்டுப் போலாம்னுதான் போன் போட்டேன்.”

இன்னாசிராஜ் தம்பி அதுவரைக்கும் கதவோரம் நின்றிருந்தார். போனை வாங்கினார். எல்லாரும் அவர் வாயைப் பார்க்கிறோம்.

“சரி, சொல்லிட்டு வா. திருப்பி அனுப்பிட்டாலும் ஒண்ணும் கெட்டுப் போவாது. இங்க மல்லாட்டை புடுங்க ஆளே கெடைக்க மாட்டேங்குது.”

சிரிக்கிறீர்கள்! அன்றைக்கு நாங்களும் சிரித்தோம், அழுதுகொண்டே சிரித்தோம். இதைச் சொல்ல ஒரு தகப்பனுக்கு எவ்வளவு பெரிய நெஞ்சு வேண்டும்! கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள், அந்தத் தகப்பனுக்குத் தட்டாமல் யாருக்குத் தட்டப் போகிறோம்?

விசாரணை நாள் வந்தது. ரோஸ்லின் என்னைப் பார்த்து, “அக்கா, எனக்கு மாதாகிட்ட நின்னா அழுவதான் வருது, வாயில ஜெபமே வரல” என்றாள். ‘அப்படியானால் நீ என்னோடு மயிலத்துக்கு வா, நான் உனக்காகக் கெபியில் மெழுகுவத்தி ஏற்றுகிறேன்’ என்றேன். அவள் முருகனிடம் நின்று அழாமல் கேட்டாள். நான் மாதாவிடம் நின்று வேறு ஜெபம் தெரியாமல் அரோகரா சொல்லிவிட்டேன். இரண்டு இடத்திலும் யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. முதலில் இருவரையும் சேர்த்து வணங்கினேனே, காரணம் இப்போது புரிந்ததா?

அங்கே இங்கிலாந்தில், நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் ஒற்றை நாற்காலியில் எங்கள் பெண். கேட்டார்கள்: கொடுத்தாயா, எடுத்தாளா?

“கொடுத்தேன்,” என்றாள்.

அதோடு நிற்கவில்லை. வாதாடினாள்! தன் வாழ்க்கையின் முதல் வழக்கைத் தனக்காகத் தானே வாதாடினாள். ‘நான் வந்த ஊரில், கேட்டவருக்குப் பாடத்தைக் கொடுப்பது குற்றமல்ல, கொடுக்காமல் இருப்பதுதான் குறை. ஆனால் இங்கே உங்கள் விதி வேறு. அதைப் படித்துத் தெரிந்துகொள்ளாதது என் தவறு. சட்டம் படிக்கிறவள் சட்டம் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க முடியாது, அதற்குரிய தண்டனையை ஏற்கிறேன். ஒன்றை மட்டும் எடை போடுங்கள். படிக்கக் கொடுப்பது வேறு, ஏமாற்றக் கொடுப்பது வேறு. நான் ஏமாற்றக் கொடுக்கவில்லை. என் தோழியும் ஏமாற்றுவதற்காகக் கேட்கவில்லை. தாய் ஆபரேஷன் மேசையில் கிடக்கும்போது மகள் எழுதிய கட்டுரை அது. அவள் கதையையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.’

யாருக்காக வந்தாள்? தனக்காக! வேறு யாருக்காகச் சேர்த்துப் பேசினாள்? தன்னை மாட்டிவிட்டவளுக்காக!

அந்த மூவரும் என்ன செய்தார்கள் என்று நான் நினைக்கிறேன் தெரியுமா? நம் மார்க்கெட் கமிட்டி வியாபாரி செய்வதைத்தான் செய்தார்கள். மூட்டைக்குள் கையை ஆழமாக விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்கள். மேலே இருந்ததேதான் அடியிலும் இருந்தது!

தீர்ப்பு வந்தது. மோசடி எண்ணம் இல்லை. படிப்பைத் தொடரலாம். ஆனால் விதியை மீறியதால், எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் அந்தத் தாளுக்கு வெறும் தேர்ச்சி மதிப்பெண்தான். தோழியை நீக்கவில்லை, கட்டுரையை மறுபடி எழுதச் சொன்னார்கள். அவள் இரண்டாம் தடவை தன் சொந்த ஊர் ஆட்டுச் சந்தையை உதாரணமாக எழுதி, நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். தாயும் பிழைத்தெழுந்தாள்.

நம் பெண் பட்டம் வாங்கினாள். ஆனால் அந்த ஒரு தாளில் குறைந்ததால் தங்கப் பதக்கம் இன்னொருவருக்குப் போயிற்று. மேடையில் அதை அணிவிக்கும்போது எழுந்து நின்று கைதட்டிவிட்டு வந்தாள்.

இப்போது பதாகைக்கு வருவோம். மாமன் ஆசை ஆசையாய்ப் பதாகை அடித்தார். இரண்டாம் வரியில் என்ன போட்டார்? ‘தங்கப் பதக்கம்’ என்று போட்டார்! நேற்று அதைக் கொண்டுவந்து கட்டியபோது அமல்ராணி பார்த்துவிட்டாள்.

“மாமா, இது இன்னா?”

“வரவேண்டியதுதானே அமலு? போட்டா இன்னா, யாரு லண்டனுக்குப் போயி கேக்கப் போறான்?”

“வரவேண்டியது வேற, வந்தது வேற மாமா. அத எடுங்க. இல்லன்னா நாளைக்கு நான் மேடைக்கு வரமாட்டேன்.”

“ஊரெல்லாம் சொல்லிட்டேனே, இப்ப எடுத்தா எம்மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்?”

“ஒரு பொய்யச் சொல்லியிருந்தா அந்த மெடலே எனக்கு வந்திருக்கும் மாமா. அங்கியே சொல்லாத பொய்ய இங்க வந்து நான் சொவுத்துல மாட்டிக்கவா?”

தாய்மாமன் கடைக்குப் போனார். வெள்ளைத் தாள் வாங்கிவந்தார். ஏணி போட்டு ஏறி, அவரே தன் கையால் ஒட்டினார். தம்பி சவுரிராயன்! அன்பினால் எழுதினீர்கள், அதைவிடப் பெரிய அன்பினால் ஒட்டினீர்கள். இப்போதாவது மின்விசிறியை விட்டுவிட்டு எங்களைப் பாருங்கள்!

அன்பு நெஞ்சங்களே! எனக்குத் தெரிந்த ஒரே வித்தை கணக்கு எழுதுவது. கணக்கில் ஒரு தொகையைத் தவறாக எழுதிவிட்டால் நல்ல கணக்குக்காரர் அதைச் சுரண்டி அழிக்க மாட்டார். அதன்மேல் ஒரு கோடு போடுவார். பக்கத்தில் சரியானதை எழுதி ஒப்பமிடுவார். திருத்தம் தெரிகிற கணக்கைத்தான் நம்பலாம். இந்தத் தாளை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். உள்ளே இருக்கும் எழுத்து மங்கலாகத் தெரிகிறதா? தெரியட்டும்! எது வரவேண்டியதாக இருந்தது, எது வந்தது, இரண்டும் தெரியட்டும்!

இந்தப் பிள்ளை நாளை மறுநாள் முதல் விழுப்புரம் கோர்ட்டில், கோகுலகிருஷ்ணன் ஐயாவிடம் ஜூனியராகச் சேர்கிறாள். ஐயா அவர்களே! எத்தனையோ பேரைப் பார்த்திருப்பீர்கள். வாய் வல்லவர்களைப் பார்த்திருப்பீர்கள், வாதத்தில் வல்லவர்களைப் பார்த்திருப்பீர்கள். தன்னைக் காப்பாற்றும் ஒரு வார்த்தை நாவின் நுனியில் நிற்கும்போது, அதை விழுங்கிவிட்டு உண்மையைச் சொன்ன ஜூனியர் உங்களுக்குக் கிடைத்திருக்கிறாள். நாளை ஒரு நிலத்தகராறில், ஒரு ஜீவனாம்ச வழக்கில், யாரோ ஒரு ஏழைத் தாய்க்காக எழுந்து நின்று ‘இது உண்மை, கனம் கோர்ட்டார் அவர்களே’ என்று இவள் சொன்னால், அந்தச் சொல்லுக்கு இருக்கும் எடை எந்தப் பதக்கத்துக்கு உண்டு? எந்தத் தங்கத்துக்கு உண்டு?

அங்கே பின்னால் யார்? ‘தங்கமான மனசுன்னு எழுதி ஒட்டுங்க’ என்கிறீர்களா? நல்ல யோசனைதான். ஆனால் இந்தப் பெண் அதற்கு மேலேயும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டச் சொல்லுவாளே! வேண்டாம். எதுவும் எழுத வேண்டாம். மண்டபக்காரரிடமும் சொல்லிவிட்டேன், விழா முடிந்ததும் பதாகையை அப்படியே சுருட்டிக் கொடுங்கள், தாள் கிழியாமல். இன்னாசிராஜ் தம்பி வீட்டில் அது இருக்கட்டும். நாளைக்கு நம் தெருப் பிள்ளை இன்னொன்று சீமைக்குப் புறப்படும்போது, ‘சட்டம் படித்து, என்ன வென்று வந்தாள் இவள்?’ என்று நிச்சயம் கேட்கும். அப்போது அந்த வெற்றிடத்தைக் காட்டி, உட்காரவைத்து, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அமல்ராணி, தலையை நிமிர்த்தம்மா. ஊரே உன்னைத்தான் பார்க்கிறது.

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், அடுப்பு காத்திருந்தும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும், ஏணி ஏறிய தாய்மாமனுக்கும் என் நெஞ்சம் நிறைந்த நன்றி. மயிலத்து முருகனும் கெபி மாதாவும் இந்தப் பிள்ளைக்கு வழித்துணையாகட்டும் என்று வேண்டி, உங்கள் அனைவரையும் கைகூப்பி வணங்கி அமர்கிறேன். வணக்கம்!